அண்ணைக்குப் போன குளிசை

கனடாவில் மருந்துக்கடைக்குள் ஒரு நாற்காலி இருக்கிறது. அதில் இருந்துகொண்டு கையை ஒரு வளையத்துக்குள் விட்டால், மெல்ல இறுக்கிப் பிடித்து உங்கள் இரத்த அழுத்தத்தைச் சொல்லிவிடும். காசு கேட்காது, விசா கேட்காது. மல்வேர்னில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் சனிக்கிழமைகளில் எங்கள் ஆட்கள் அதைச் சுற்றி நின்று, பள்ளிக்கூடச் சோதனை மறுமொழி பார்ப்பதுபோல ஒருவர் இலக்கத்தை மற்றவர் எட்டிப் பார்ப்பார்கள். சிரிப்பும் பகிடியுமாக இருக்கும். என் கணவர் சிவநேசன் இருந்து எழும்பினால் மட்டும் சிரிப்பு நின்றுவிடும். "மெசின் பழுது" என்பார் அவர். அடுத்த ஆளுக்கு அதே மெசின் ஒழுங்காக வேலை செய்யும்.

ஊரில் பாரிசவாதம் வயதுபோனவர்களின் நோய். இங்கே தமிழ்க்கடைக் கதவில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலிகளைப் பாருங்கள், தலைமயிர் நரைக்காத முகங்கள். பகலில் பக்டரி, பின்னேரம் ஒபிஸ் கூட்டுதல், நித்திரை பஸ்ஸுக்குள், இடையில் சிகரெட், வீட்டுக்கு வந்தால் கருவாட்டுக் குழம்பும் ஊறுகாயும். இப்படி ஓடிய மனிதன் விழுந்தால் சனம் கண்ணூறு பட்டுவிட்டது என்கிறது. அந்தக் கதையைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இவருக்குக் குடும்ப டொக்டர் பிறசர் குளிசை எழுதிக் கொடுத்தார், நாளுக்கு ஒன்று, வாழ்நாள் முழுக்க. அந்த நேரம் போர், யாழ்ப்பாணத்துக்கு அரசாங்கம் மருந்துத் தடை போட்டிருந்தது. அங்கே இவருடைய தமையனுக்கும் பிறசர். தகப்பன் இல்லாத வீட்டில் இவரை வளர்த்ததும், கொழும்புவரை கூட்டிவந்து விமானம் ஏற்றியதும் அந்த அண்ணைதான். முதலில் குளிசை ஒருநாள் தனக்கு, ஒருநாள் அண்ணைக்கு என்று பிரிந்தது. பிறகு தலையிடித்தால் மட்டும் தனக்கு, மிச்சம் எல்லாம் அண்ணைக்கு. ஊருக்குப் போகும் வயதான ஆட்கள் அதைத் தங்கள் மருந்து என்று சொல்லித் இராணுவத் தடைமுகாம் கடத்திக் கொடுப்பார்கள். கொழும்பில் வாங்கி அனுப்பலாமே என்றால், கனடாக் குளிசை போல வருமோ என்பார்.

"தலையிடிச்சாத்தானே பிறசர். எனக்கு ஒண்டும் செய்யேல்லை."

"வாதம் வந்து விழுந்தீங்களெண்டா?"

"911 அடிச்சா ஓடி வருவாங்கள். அண்ணைக்கு ஆர் வருவினம்? விளக்கெரிக்க லாம்பெண்ணை இல்லாத ஊரில அம்புலன்சோ?"

"அப்ப என்னை ஆர் பாக்கிறது?"

"உமக்கு விளங்காது."

எனக்கு நன்றாகவே விளங்கியது. அதனால்தான் சண்டை பிடித்தேன். பிறசர் சத்தம் போடாமல் வேலை பார்க்கும் வியாதி என்று டொக்டர் சொன்னதை அவருக்கு எத்தனையோ முறை சொன்னேன். சுகமாக இருப்பவன் மருந்து விழுங்குவது அவருக்கு வீண்செலவாகவே பட்டது.

அடுத்த முறை போனபோது டொக்டர், குளிசை எல்லாம் முடிந்ததா என்று கேட்டார். "யெஸ் டொக்டர், ஓல் பினிஷ்ட்" என்றார் இவர். அதில் ஒரு பொய்யும் இல்லை. நான் வாயைத் திறக்க, மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். பிறசர் இறங்காததைப் பார்த்து, மருந்து போதவில்லை என்று நினைத்த டொக்டர், அதைவிடப் பலமான குளிசை எழுதினார். திரும்பி வரும்போது பஸ்ஸுக்குள் இவருடைய முகத்தைப் பார்க்க வேண்டும். "அண்ணைக்கு இனி நல்ல ஸ்ட்ரோங் குளிசை" என்றார்.

ஒரு ஜனவரிக் காலை வேலைக்கு வெளிக்கிட்டவர், சப்பாத்துக் கயிற்றைக் கட்டமுடியாமல் கதிரையில் இருந்தார். வலக்கை சோர்ந்து தொங்கியது, வாய் ஒருபக்கம் கோணியிருந்தது. பேச்சு குழறியது. குளிர் அடித்துவிட்டது என்று நினைத்து நல்லெண்ணெயைச் சூடாக்கிக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டு அன்ரி வந்து பார்த்துவிட்டு, "பிள்ளை, இது வாதம், 911 அடி" என்றார். இவர் சொன்னபடியே ஓடித்தான் வந்தார்கள். அதற்குள் மூளையில் ஒரு பகுதி செத்துவிட்டது. வாசிப்பவர்களுக்குச் சொல்கிறேன்: முகம் கோணினால், கை விழுந்தால், பேச்சுக் குழறினால் எண்ணெய்ப் போத்தலைத் தேடாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருவர் மருந்து பற்றி விசாரித்தார். அண்ணனுக்கு அனுப்பினார் என்றேன். அண்ணன் ஏன் தன் டொக்டரிடம் போகவில்லை என்று கேட்டார். அந்த டொக்டர் ஊரைவிட்டுப் போய்விட்டார் என்றேன். விடுமுறையிலா என்று கேட்டார். அவர் நல்ல மனிதர். எனக்கு அதற்குமேல் இங்கிலிஷும் வரவில்லை, பொறுமையும் இல்லை.

வீட்டுக்கு வந்தவரிடம் மிஞ்சியது ஒரே ஒரு சொல். எதைக் கேட்டாலும் "ஓம்". ஆம் என்றாலும் அதுதான், இல்லை என்றாலும் அதுதான். அண்ணைக்கு மட்டும் சொல்லாதேங்கோ, கேட்டால் பிறசர் ஏறிவிடும் என்று சொந்தக்காரர் எல்லாரும் எனக்குப் புத்தி சொன்னார்கள். கண் ஒப்பரேசனுக்குக் கொழும்புக்கு வந்த அண்ணை ஒருநாள் போன் எடுத்தார். இவருடைய காதில் ரிசீவரை வைத்துப் பிடித்தேன். அந்தக் குரல் எனக்கும் கேட்டது.

"தம்பி, சுகமா இருக்கிறியோ?"

"ஓம்."

"நீ அனுப்பின குளிசையாலதான்ரா நான் நடமாடித் திரியிறன். அது முடியப்போகுது. இன்னும் கொஞ்சம் அனுப்புவியோ?"

"ஓம்" என்றார். கண்ணீர் ஓடியது. அண்ணை சந்தோசமாகப் போனை வைத்தார்.

அடுத்தநாள் காலை குளிசையை இவருடைய வாயில் வைத்துத் தண்ணீர் பருக்கினேன். விழுங்கியாச்சோ என்று கேட்டதற்கு ஓம் என்றார். நான் கோப்பையை வைத்துவிட்டுத் திரும்ப, உணர்ச்சி இல்லாத வலக் கன்னத்துக்குள் இடக்கை விரலை விட்டு அந்தக் குளிசையை வெளியில் எடுத்தார். சட்டையில் துடைத்து என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை மடித்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனாலும் அவருடைய காலடியில் குந்தியிருந்து மன்றாடினேன். "அண்ணைக்கு நான் வேற வழி பாக்கிறன். சத்தியமா. இது உங்களுக்கு. விழுங்குங்கோ."

"ஓம்" என்று சொல்லிவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டார்.