ஒரே ஒரு வாகைமரம்

எங்கள் தெருமுனை வாகைமரத்தை வெட்டச் செய்தவள் நான். தெரு நினைத்ததுபோல் மாதையன் மாமா அல்லர். நான்!

காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு காக்கை.

கல்லூரிப் பேச்சுப்போட்டிக்குப் புறப்பட்ட காலையில், அம்மரத்தடியில் கடத்தூர்ப் பேருந்துக்காக நின்றிருந்தேன். புத்தம்புதிய வெள்ளைத் துப்பட்டா... அதன்மேல் காக்கை தன் கருத்தைப் பதிவு செய்தது. கறையை உள்மடிப்பில் மறைத்துக்கொண்டு மேடையேறினேன். தலைப்பு? காடழிப்பும் மழையும்! மேற்கே மலைக்காடுகள் வேரால் உறிஞ்சிய நீரை இலைவழியே ஆவியாக விடுகின்றன. காற்று அதைச் சுமந்துவந்து நம் பக்கம் மழையாக இறக்குகிறது. அங்கே காடு குறைந்தால் இங்கே மழை குறையும் என்று முழங்கினேன். முதற்பரிசு! அப்பா அந்தக் காணொளியைத் தெரு முழுக்கப் போட்டுக் காட்டினார்.

மறுவாரம், மின்கம்பியில் உரசும் கிளைகளைக் கழிக்க ஆட்கள் வந்தனர். வாசலில் நான் மட்டும்.

"முழுசா எடுத்துரட்டுங்களா?" என்றார் ஒருவர்.

நான் வாய் திறக்கவில்லை... தலையை மட்டும் அசைத்தேன். இந்த வேறுபாடு உங்களுக்கு முக்கியமாகப் படுகிறதா? எனக்கு வெகுநாள் பட்டது.

விழுந்த தழையை மாதையன் மாமா தம் ஆடுகளுக்கு அள்ளிப்போனார். தெரு பார்த்தது அவ்வளவுதான்.

அவ்வாண்டு மழை பொய்த்தது. மழையைத் தடுத்த பாவிக்கு வைக்கோலில் உருவம் செய்து, கொடும்பாவி என்று ஒப்பாரியோடு இழுத்துக் கொளுத்துவது எங்களூர் வழக்கம். வழக்கமாக அந்தப் பாவிக்கு முகவரி கிடையாது. இம்முறை அதன் தலையில் மாமாவினுடையதைப் போலவே ஒரு பச்சைத்துண்டு. கையில் ஒரு கொத்துத் தழை!

"ஐயோ மாதையா, உன் ஆடு மழையவே மேஞ்சிருச்சே!" என்று எதிர்வீட்டு ராஜம்மா அத்தை மாரடித்தார்.

"நான் வெட்லைங்க... தழைதானுங்க அள்ளுனேன்!" மாமாவின் குரல் உடைந்தது.

அப்போதாவது உண்மையைச் சொன்னேனா? இல்லை. அறிவியலைச் சொன்னேன்!

"ஒரு மரத்த வெட்டுனா மழை நிக்காதுங்க. காடே போனாத்தான் நிக்கும்."

துல்லியமான கூற்று. ஒரு சொல்லிலும் பிழையில்லை.

"படிச்ச புள்ள சொல்லிருச்சில்ல!" என்று மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பச்சைத்துண்டு அவிழ்க்கப்பட்டது.

தப்பித்துவிட்டேன் என்றா நினைக்கிறீர்கள்?

சில நாட்களில் ராஜம்மா அத்தை, கார் நிறுத்துவதற்காக வேம்பை வெட்டினார். தடுத்தவர்களிடம், "ஒரு மரத்துக்கு மழை நிக்காதாம். நம்ம பாப்பாவே சொல்லிச்சி" என்றார். அடுத்து ஒரு நாவல்மரம். பிறகு பள்ளியோரத்துப் புளி. ஒவ்வொருவரும் ஒரே ஒரு மரத்தைத்தான் வெட்டினர். ஒவ்வொருவரும் என்னைத்தான் மேற்கோள் காட்டினர். என் கூற்றின் பின்பாதி ஒருவர் நினைவிலும் இல்லை!

மாமாவோ நன்றி மறவாதவர். விடிந்தால் ஒரு சொம்பு ஆட்டுப்பாலோடு வாசலில் நிற்கிறார். "குடி பாப்பா, என் மானத்தக் காப்பாத்துனவ நீ." நான் குடித்து முடிக்கும்வரை நகரமாட்டார். அந்த வாடைக்கு... மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் விழுங்குவேன்.

இப்போது பேருந்துக்கு வெயிலில் நிற்கிறேன். துப்பட்டா மாசற்ற வெள்ளை. அமர ஒரு கிளையுமின்றிக் காக்கை எங்கோ போய்விட்டது.

இன்று காலையும் சொம்பு வந்தது. உண்மையைச் சொல்லத்தான் வாய் திறந்தேன்...

பாலைக் குடித்தேன்.