தேத்தண்ணி பிந்துகிற நாள்

போன செவ்வாய்க்கிழமை ஒரு பல் டொக்டர் என்னைக் கையும் களவுமாகப் பிடித்தார்.

கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று போய் ஒரு வருடம். இம்பிளான்ட் வைக்கலாம் என்று கண்டி டவுனில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். தாடை எலும்பில் துளை போட்டு, திருகாணி இறக்கி, அதன்மேல் பல் கட்டுகிற வேலை. டொக்டர் பக்கத்து ஊரான அக்குறணையைச் சேர்ந்த முஸ்லிம் பெண். என் மகள் வயதுதான் இருக்கும்.

"அன்ட்டி, வேற மருந்து ஏதும் பாவிக்கிறீங்களா?"

"இல்லை."

யோசிக்கவே இல்லை... அப்படியே வந்துவிட்டது. என்னைப் போல அடையாள அட்டையில் யாழ்ப்பாணத்து விலாசத்தோடு கண்டியில் இருப்பவர்களுக்கு இது புரியும். பொலிஸ்காரர்கள் பஸ்ஸை மறித்து ஏறிக் கேட்பார்கள். பையில் ஏதும் இருக்கிறதா? இல்லை. வீட்டுக்கு ஊரிலிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்களா? இல்லை. இந்த யுத்த காலத்தில் கேள்வி முடியும் முன்பே 'இல்லை' சொல்ல எங்கள் வாய் பழகிவிட்டது. அதற்குக் காக்கிச் சட்டையும் ஒன்றுதான், வெள்ளைக் கோட்டும் ஒன்றுதான்.

டொக்டர் அதை எழுதிக்கொள்ளவில்லை. பேனையை வைத்துவிட்டு, சும்மா கதைப்பது போல இன்னொன்று கேட்டார்.

"காலைல எழும்பினதும் தேத்தண்ணி குடிப்பீங்களா?"

"ஓம், அது இல்லாட்டி எனக்குக் கண்ணே திறக்காது."

"கிழமைல ஏழு நாளுமா? ஒரு நாளாச்சும் பிந்தாதா?"

"ஞாயிற்றுக்கிழமை மட்டும் அரை மணித்தியாலம் பிந்தும் டொக்டர். அந்தக் குளிசை..."

பாதியில் நிறுத்தினேன். எலும்பு மெலிவுக்குக் கிழமைக்கு ஒரு மாத்திரை. வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, அரை மணி நேரம் படுக்கவும் கூடாது, ஒன்றும் சாப்பிடவும் கூடாது. கை முறிந்ததிலிருந்து ஆறு வருடமாகப் போடுகிறேன்.

அவர் கோபிக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு என் முன்னால் உட்கார்ந்தார்.

"அந்தக் குளிசை எலும்புக்கு நல்லம் அன்ட்டி. ஆனா கன வருசம் எடுத்த சில பேருக்கு, தாடைல கை வெச்சா காயம் ஆறாது. எலும்பு செத்து வெளிய தெரியும். கொஞ்சப் பேருக்குத்தான். ஆனா யோசிக்காம நான் துளை போட மாட்டன்."

"அப்ப குளிசையை நிப்பாட்டட்டோ?"

"உங்கட பாட்டுல நிப்பாட்ட வேணாம்! வேற எலும்பு முறிஞ்சா? அத எழுதின டொக்டருக்கு லெட்டர் தாறன். அவரோட பேசிட்டு முடிவெடுப்பம். ஏலாட்டி, கழட்டி மாட்டுற பல்லு இருக்குதானே."

எத்தனை நிதானம்! லெட்டரை வாங்கிக்கொண்டு கேட்டேன்: "தேத்தண்ணியைப் பற்றிக் கேக்க ஆர் சொல்லித் தந்தது?"

அவர் முகம் கொஞ்சம் மாறியது.

"எங்கட உம்மா. அவவுக்கும் இதே குளிசைதான். நான் கேட்டதுக்கு, மருந்து ஒண்டும் இல்லன்னு சொன்னா. மருந்துன்னா ஒவ்வொரு நாளும் குடிக்கிறதுன்னு நெனச்சிட்டா. ஆனா தேத்தண்ணி பிந்துற நாளைல வீட்ல எல்லாருக்கும் ஏச்சுத்தான்... அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் ஏன்னு கேக்காம பல்லைப் புடுங்கிட்டன். அந்தக் காயம் எட்டு மாசம் ஆறல்ல. பிழை உம்மாட இல்ல அன்ட்டி, என்ட."

இதை என்னிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்கு என்ன கட்டாயம்?

கடை எரிந்தாலும் குண்டு வெடித்தாலும் 'நாங்கள் இல்லை' என்று எல்லோரும் கைவிரிக்கிற இந்த நாட்டில், 'பிழை என்ட' என்று சொன்ன ஒருவரை நான் கண்டது அன்றுதான்.