மாதா போகாத வீடு

அக்டோபர் வந்தாலே எனக்கு இடுப்பு வலிக்கத் தொடங்கிவிடும். விழுப்புரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் வருகிறவர்களின் பெயர் பதிகிற வேலை எனக்கு. காலையில் திண்டிவனத்தில் ரயில் ஏறிப் போனால் சாயங்காலம் வரை நாற்காலியை விட்டு எழ முடியாது. வீடு திரும்பி முகம் கழுவுவதற்குள் மாதா சுரூபத்தை, அந்தக் கனத்த சிலையை, தூக்கக் கூப்பிட்டுவிடுவார்கள். எங்கள் பக்கத்துத் தெருக்களில் இருக்கிற கத்தோலிக்கக் குடும்பங்களைச் சேர்த்து ஓர் அன்பியம் வைத்திருக்கிறோம். அக்டோபர் முழுக்க தினம் ஒரு வீட்டில் செபமாலை. இன்றைக்கு ஒரு வீட்டில் இருக்கிற மாதாவை நாளைக்கு அடுத்த வீட்டுக்குப் பாட்டுப் பாடிக்கொண்டே தூக்கிப் போக வேண்டும். பெரியவர்களுக்கு மூட்டு வலி, ஆண்களுக்கு வேலை, காலேஜ் பெண்களுக்குப் பரீட்சை. மிச்சம் நான்தான். கல்யாணமாகாத பெண் தூக்கினால் நல்ல வரன் வரும் என்று வேறு சொல்லி வைத்திருக்கிறார்கள். வருஷா வருஷம் தூக்குகிறேன், இடுப்பு வலிதான் வந்தது.

உண்மையில் என் அலுப்பு மாதாவின் மேல் இல்லை. நான் யார் என்று ஊருக்கெல்லாம் விளக்கம் சொல்லிச் சொல்லி வந்த அலுப்பு அது. சென்டரில் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் என் பெயரைக் கேட்டதும், "நீங்க அல்லேலூயாவா?" என்பார்கள்.

"இல்லீங்க, ஆர்.சி."

"அப்ப பொட்டு வெச்சிருக்கீங்க?"

"ஆர்.சி.ல வெப்போம்."

"பூவு?"

"அதுவும் வெப்போம்."

"அப்ப எங்கள மாதிரிதான்னு சொல்லுங்க."

சிரித்து வைப்பேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போனால் அங்கே ஓர் அம்மா என் நெற்றியைப் பார்த்து, "பொட்டக் கொஞ்சம் சின்னதா வெக்கக் கூடாதாம்மா?" என்பார். அதற்கும் சிரித்து வைப்பேன்.

என்னோடு அதே ரயிலில் வரும் தோழி விழுப்புரத்தில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். சின்ன வயதில் கோயிலில் நடக்கும் ஞானோபதேச வகுப்பில் பாயில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவர்கள் நாங்கள். ஜன்னலோரம் தலை சாய்த்துக்கொண்டு ஏதாவது கேட்பாள். "ஞாயித்துக்கெழம பூசைக்குப் போவலன்னா மனசு உறுத்துது. போனா தூக்கம் வருது. இதுக்குப் பேருதான் விசுவாசமாடி?" எனக்கு மட்டும் தெரியுமா என்ன! "எனக்கும் அதே சீக்குதான், தூங்கு," என்பேன்.

அவள் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருந்த ஓர் இந்துப் பையனைக் காதலித்தாள். அவளுடைய அப்பா கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை. கோயிலில் வைத்து முடிக்க வழியில்லாமல் பதிவு அலுவலகத்தில் மாலை மாற்றிக்கொண்டார்கள். அதற்குப் பிறகும் அவள் பூசைக்கு வருவதை விடவில்லை. கோயிலில் நடக்காத கல்யாணம் என்பதால் அவளுக்கு நற்கருணை கிடையாது. நற்கருணை வாங்க எல்லோரும் எழுந்து முன்னால் போகும்போது, முழங்காலை ஒதுக்கி வழிவிட்டுவிட்டு அவள் மட்டும் உட்கார்ந்திருப்பாள். அதைப் பார்க்கிற ஒவ்வொரு வாரமும் எனக்கு எரிச்சலாக இருக்கும். யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

போன செப்டம்பர் கடைசியில், ரயில் விக்கிரவாண்டி தாண்டும்போது கேட்டாள். "எங்க வூட்டுக்கும் ஒரு நாளு மாதா வரணும்டி. எங்க அம்மா வூட்ல வருஷம் தவறாம வந்தாங்க. நான் இன்னும் ஆர்.சி.தானா இல்லியா, எனக்குத் தெரியணும்."

அன்பியத் தலைவியிடம் போய்க் கேட்டேன். ரிட்டயர்டு டீச்சர் அவர்.

"கோயில்ல மந்திரிக்காத கல்யாணம். அந்த வூட்டுக்கு மாதா எப்படிம்மா போவாங்க?"

"ஃபாதர் அப்படிச் சொன்னாரா டீச்சர்?"

"ஃபாதருக்கு ஆயிரம் வேல. இதெல்லாம் நம்பதான் பாத்துக்கணும்."

கெட்டவர் என்றால் சண்டை போட்டிருப்பேன். என் அப்பா இறந்தபோது அடுப்பு மூட்டாத எங்கள் வீட்டுக்கு வேளை தவறாமல் சோறு கொண்டுவந்தவர் அவர். என்ன செய்வது?

ஒரு நாள் மாதாவைத் தூக்கிக்கொண்டு தோழியின் தெரு வழியாகப் போக வேண்டியிருந்தது. பாட்டுச் சத்தம் கேட்டு அவளுடைய மாமியார் வாசலுக்கு வந்துவிட்டார். விழுப்புரம் தாண்டி காணை என்கிற ஊர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். எங்கள் சட்டதிட்டமெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்? தெருவில் சாமி வருகிறது, அவ்வளவுதான். சொம்புத் தண்ணீரை வாசலில் தெளித்தார், ஓடிப்போய்த் தட்டில் கற்பூரம் ஏற்றிக்கொண்டு வந்து எங்களை நிறுத்தினார். சுடர் அணையும் வரை சுற்றிக் காட்டிவிட்டு, தன் தலையிலிருந்த கனகாம்பரத்தை எடுக்கப் போய், வைத்த பூவைத் தரக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, கையை இறக்கிக்கொண்டார்.

"உள்ள கூட்டிக்கினு வாங்கம்மா. தெருவுலயே நிக்க வெச்சா நல்லாவா இருக்குது?"

டீச்சர்தான் சமாளித்தார். "அடுத்த வூட்ல காத்துக்கினு இருக்காங்க. ஜல்தி போவணும்மா."

தோழி கதவோரம் நைட்டி மேல் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள். அவள் மாதாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். புரட்சி செய்தேன் என்று சொல்ல மாட்டேன். கை விட்டுப்போகிற மாதிரி வலித்தது. காலையிலிருந்து சென்டரில் நிற்கிற கூட்டத்துக்குப் பதில் சொல்லிவிட்டு வந்தவள் நான், இன்னொரு விளக்கத்துக்குத் தெம்பில்லை. கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். டி.வி. மேசை மேல் கிடந்த மாத்திரை, ரிமோட் எல்லாவற்றையும் மாமியார் ஒரே அள்ளாக அள்ளினார். அங்கே இறக்கி வைத்தேன்.

திரும்பிப் பார்த்தால் பின்னால் ஒருவரும் வரவில்லை. எல்லோரும் கேட்டுக்கு வெளியே நின்றார்கள்.

தோழி முழந்தாளிட்டு, "அருள்நிறைந்த மரியே" என்று தொடங்கினாள். செபமாலையில் முன்பாதியை ஒருவர் சொன்னால் பின்பாதியை மற்றவர்கள் சொல்ல வேண்டும். அவள் தன் பாதியை முடித்துவிட்டு நிறுத்தினாள். வீட்டில் இருந்தது நானும் மாமியாரும்தான். நான் வாய் திறப்பதற்குள் தெருவிலிருந்து, "புனித மரியே" என்று அத்தனை பேரும் சொன்னார்கள். பிறந்ததிலிருந்து சொல்லிப் பழகிய வாய், முன்பாதி காதில் விழுந்தால் சும்மா இருக்குமா? டீச்சர் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. செருப்பைக் கூடக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார்.

செபமாலையின் பத்து மணியும் அப்படியே உருண்டு போனது. ஒவ்வொன்றுக்கும் தெருவிலிருந்து பதில் வந்தது. அவள் குரல் ஒவ்வொரு மணிக்கும் கொஞ்சம் பெரிதானது, வாசலை வாசலைப் பார்த்துக்கொண்டாள். இப்போது வந்துவிடுவார்கள் என்று நானும் நம்பினேன். மாமியார் கேட்டைப் பிடித்துக்கொண்டு, "வாங்கம்மா, வாங்கம்மா" என்று ஒவ்வொருவரையும் கூப்பிட்டார்.

செபம் முடிந்தது. டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டு, அடுத்த வீட்டுக்குப் போகிற பாட்டை எடுத்தார். நான் சுரூபத்தைத் தூக்கக் குனிந்தபோது தோழி என் காதோரம் சொன்னாள்.

"பதில் மட்டும் வந்தா போதும்னு நெனச்சுக்கினு இருந்தேன்டி. போதல."