பாட்டுகளுக்குள் கிடந்த விலாசம்

சிலாபத்து மிஸ் தேத்தண்ணி குடிக்கும் விதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும். பால் தேத்தண்ணியின் மேலே படியும் ஆடையைச் சுண்டுவிரல் நகத்தால் ஒதுக்கி எடுத்து, பீரிஸ் தட்டின் ஓரத்தில் ஒட்டி வைப்பாள். அது அங்கேயே காய்ந்து கிடக்கும். அதைச் சுரண்டிக் கழுவுவது என் வேலை. பால் வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் வெறும் தேத்தண்ணியே ஊற்றிக் கொடுத்திருப்பேன். சொல்லமாட்டாள். அவள் என்று சொல்கிறேனே என்று நினைக்காதீர்கள். படித்தவர், கந்தோரில் பெரிய வேலைக்கு வந்தவர், நேரில் நின்றால் நானும் வாங்க மிஸ், போங்க மிஸ் என்றுதான் சொல்லுவேன். மனதுக்குள் எப்போதும் அவள்தான். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகன் வீட்டுப் பேத்தி எழுதுகிறாள். பேத்தி அதை மரியாதையாக மாற்றப் பார்த்தாள், நான் விடவில்லை.

அந்தக் கந்தோர் கற்பிட்டி வீதியில் இருந்தது. வீட்டில் அடி வாங்கும் பெண்களுக்கு உதவி செய்யும் அலுவலகம். நாங்கள் மன்னார்ப் பக்கமிருந்து சண்டைக்குள் ஓடி வந்து இந்தக் கரையில் குடியேறியவர்கள். சண்டை முடிந்த பிறகு திரும்பிப் போனவர்கள் போனார்கள், நான் போகவில்லை. கந்தோரில் கூட்டித் துடைத்துத் தேத்தண்ணி போடும் வேலை எனக்குப் பிடித்திருந்தது. பிடிக்காமல் என்ன, அங்கே எப்போதும் ஒரு கல்யாண வீட்டுக் கலகலப்பு இருக்கும். கந்தோரின் கணினிகள் ஊருக்கே பொது. சாவீட்டு அறிவித்தல், பூப்புனித நீராட்டு அழைப்பு, கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் அங்கேதான் அடிப்பார்கள். கணினியைத் திறக்கிற சொல் எல்லாப் பெட்டிக்கும் ஒன்றுதான். யாராவது மறந்துவிட்டால் அடுத்த அறையிலிருந்து கத்திச் சொல்லுவார்கள். எழுத்துத் தெரியாத எனக்கே அது மனப்பாடம்.

கணினிகளைப் பார்த்துக்கொண்டவர் கற்பிட்டியைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் மனிதர். நாங்கள் எல்லோரும் நானா என்று கூப்பிடுவோம். தங்கமான மனிதர். ஒரு மாரி காலத்தில் இடி விழுந்து ஒரு கணினி கருகிப்போனது. அதற்குள் இருந்த பெண்களின் வாக்குமூலங்கள் எல்லாம் போய்விட்டன. அந்தப் பெண்களை மறுபடி வரவழைத்து, எந்த இடத்தில் அடித்தான், எதனால் அடித்தான் என்று மறுபடி கேட்க வேண்டியதாயிற்று. ஒருத்தி சொல்லத் தொடங்கி, பாதியில் எழுந்து போய் வாந்தி எடுத்தாள். நான்தான் முதுகைத் தடவிவிட்டேன். அன்றைக்குப் பிறகு நானா எதையும் ஒரே இடத்தில் வைத்ததில்லை. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரதி, அந்தப் பெட்டிக்குள்ளேயே வேறு வேறு மூலையில் ஒவ்வொரு பிரதி. இனிமேல் ஒரு பெண்ணையும் இரண்டாந்தரம் அழவைக்கமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே செய்வார்.

என் மகளின் வாக்குமூலமும் அதற்குள் இருந்தது. அவளை ஆலங்குடாவில் கட்டிக் கொடுத்தேன். மருமகன் சுற்றுலாக்காரரைப் படகில் ஏற்றிக் கடலில் ஓங்கில் துள்ளுவதைக் காட்டுகிறவன். வெள்ளைக்காரனோடு சிரித்துச் சிரித்துக் கதைப்பான், அவர்களோடு நின்று படம் எடுப்பான். வீட்டுக்குள் வந்தால் வேறு ஆள். மகளின் கையை முறித்தபோதும் என்னிடம் வந்து, வழுக்கி விழுந்துவிட்டாள் மாமி என்று அவள் தலையைத் தடவிச் சொன்னவன். கடைசியில் அவள் பிள்ளைகள் இரண்டையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். கந்தோர் அவளை முன்னேஸ்வரத்தில் ஒரு விதவைத் தாயின் வீட்டுப் பின்னறையில் இருத்தியது. கிடைத்தால் கொன்றுவிடுவேன் என்று அவன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். நான் வெள்ளிக்கிழமைகளில் கருவாடு விற்கப் போகிறவள் மாதிரி பஸ் ஏறிப் போய்ப் பிள்ளைகளைப் பார்த்து வருவேன். சின்னவன் கருவாட்டுக் கடகத்துக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளுவான், அவனை இறக்கிவிடுவதே பெரும்பாடு.

அப்படி இருக்கும்போதுதான் கொழும்பிலுள்ள தலைமைக் கந்தோர் சிலாபத்து மிஸ்ஸை அனுப்பியது. கணினிகளுக்குள் யார் யாருடைய அந்தரங்கம் கிடக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்துப் பூட்டுவது அவள் வேலையாம். வந்த நாளே திறக்கிற சொல்லை மாற்றினாள். கல்யாண அழைப்பு அடிக்க வந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பினாள். நான் அறையைக் கூட்டப் போனால் திரையைக் கையால் மூடுவாள். எழுத்துத் தெரியாதவளுக்கு என்னத்துக்கு மூடுகிறாய் என்று கேட்கத் தோன்றும். கந்தோரில் சிரிப்பே இல்லாமல் போய்விட்டது. நாங்கள் அவளுக்குப் பின்னால் என்னவெல்லாம் பேசினோம் என்பதைப் பேத்தி எழுதமாட்டேன் என்கிறாள். மிஸ் ஒவ்வொரு பெட்டிக்கும் முன்னால் உட்கார்ந்து, அடையாள அட்டை இலக்கம் மாதிரி எது இருந்தாலும் காட்டித்தரும் ஏதோ ஒன்றைப் போட்டுத் தேடினாள். மீன் விலை எழுதி வைத்த இடத்திலும், யாரோ பிள்ளையின் பிறந்தநாள் படங்களுக்கு நடுவிலும் வாக்குமூலங்கள் கிடந்தன.

தலவில அன்னம்மாள் தேவாலயத் திருவிழா முடிந்த கிழமை அது. அவள் நானாவைக் கூப்பிட்ட சத்தம் குசினிவரை கேட்டது. திருவிழாவுக்குப் போகும் பஸ்ஸில் போடுவதற்காகக் கோயில் பாட்டுகளைச் சேர்த்து வைத்திருந்த கோப்புறைக்குள் பெண்களின் வாக்குமூலங்கள், படம், விலாசம் எல்லாம் இருந்திருக்கின்றன.

"சர்ச் பாட்டுக்குள்ள யாரு மிஸ் வந்து தேடப் போறாங்க?" என்றார் நானா. உண்மையில் அதைத்தான் பத்திரமான இடம் என்று நினைத்து வைத்திருக்கிறார், பாவம்.

"பாட்டை யார் எடுத்துக்கொண்டு போனது?" என்று கேட்டாள்.

பஸ் டிரைவர் பென்டிரைவ் கொண்டுவந்து முழுக் கோப்புறையையும் அப்படியே ஏற்றிக்கொண்டு போனதாக நானா சொன்னார். அந்த டிரைவர் யாரென்று எனக்குத் தெரியும். என் மருமகனின் தமையன். கையில் இருந்த கேத்தலை வைக்க இடம் தெரியாமல் நின்றேன். மிஸ் ஒரு ஆறுதல் சொல் சொல்லவில்லை. டிரைவர் யார் என்பதை என்னிடம் கேட்டு அறிந்துகொண்டு, அறைக் கதவைச் சாத்திவிட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை நான் முன்னேஸ்வரம் போனேன். பின்னறைக் கதவு திறந்து கிடந்தது. பாயும் இல்லை, பிள்ளைகளின் உடுப்பும் இல்லை. விதவைத் தாய், முதல்நாள் பகலில் கந்தோர் வான் வண்டி வந்தது, ஏற்றிக்கொண்டு போனார்கள், எங்கே என்று சொல்லவில்லை என்றாள். கடகத்தை வைத்துவிட்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்தேன். பிறகு நேரே கந்தோருக்குப் போனேன். வழியெல்லாம் அழுது, இறங்கும்போது கோபம்தான் மிச்சம்.

"நான் பெத்த தாய். எனக்குமா சொல்ல ஏலாது?" என்று மிஸ்ஸைக் கேட்டேன்.

"பெத்த தாய் எண்டதாலதான் சொல்ல ஏலாது." திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவன் முதல்ல ஆரிட்ட வருவான்? உங்கட முகத்தில எல்லாம் எழுதி ஒட்டியிருக்கு அம்மா. எழுத்துத் தெரியாதவனும் வாசிப்பான்."

எழுத்துத் தெரியாத என்னைப் பார்த்து அப்படிச் சொன்னாள். இரவல் பேச்சில்லை, அவள் வாயாலேயே சொன்னதைத்தான் சொல்கிறேன். அன்றையிலிருந்து அவளோடு கதைப்பதை நிறுத்தினேன். நானாவிடம் கெஞ்சிப் பார்த்தேன். எனக்கே திறக்க முடியாது அக்கா என்று கண் கலங்கினார். மகள் உயிரோடு இருக்கிறாள், பிள்ளைகள் சுகம் என்று மட்டும் எப்போதாவது ஒரு வார்த்தை வரும். சின்னவனுக்குப் பல் விழுந்ததா, பெரியவள் பள்ளிக்கூடம் போகிறாளா, ஒன்றும் தெரியாது. அவர்களுக்கென்று வாங்கி வைத்த தோடம்பழ இனிப்பு அலுமாரியில் இளகி ஒட்டிப்போனது.

கொஞ்சக் காலத்தில் மருமகன் வந்தான். பட்டப்பகலில், நல்ல சட்டை போட்டுக்கொண்டு, கையில் ஒரு பெரிய பாரை மீனோடு வந்தான். கதிரையில் உட்கார்ந்து, சுகமா மாமி என்று கேட்டான். பிறகு போனை எடுத்து என் முகத்துக்கு முன்னால் பிடித்தான். வாக்குமூலம் கொடுத்த அன்று கந்தோரில் எடுத்த மகளின் படம். உதடு வீங்கிய படம். அதற்குக் கீழே இருந்த எழுத்து எனக்கு விளங்கவில்லை, அவன் வாசித்துக் காட்டினான். முன்னேஸ்வரத்து வீட்டின் விலாசம்.

"அங்க போய்ப் பாத்தன், இல்ல. இப்ப எங்க மாமி?" என்றான். குரல் பஞ்சு மாதிரி இருந்தது. கண் மட்டும் என் முகத்தைவிட்டு அசையவில்லை.

தெரியாது என்றேன். தாயிட்டச் சொல்லாமலா இருப்பாள் என்று கேட்டு, கதிரையை இன்னும் கிட்ட இழுத்தான். எனக்கு எங்கிருந்து வந்ததோ, சிலாபத்து மிஸ்ஸைத் திட்டத் தொடங்கினேன். திட்டம் போட்டுத் திட்டவில்லை, அடக்கி வைத்திருந்தது உடைந்துவிட்டது. பெத்தவளுக்குச் சொல்லாத பாவி என்றேன், பிள்ளை பெறாதவளுக்கு என்ன தெரியும் என்றேன், அவள் கை அழுக என்றேன். வெறும் படியில் உட்கார்ந்திருந்ததைச் சொல்லி நெஞ்சில் அடித்து அழுதேன். தெரிந்துகொண்டு தெரியாது என்று சொல்லியிருந்தால் அவன் கண்டுபிடித்திருப்பான். நான் பொய் சொன்னால் சின்னப் பிள்ளைகூடக் கண்டுபிடிக்கும். ஆனால் அன்றைக்கு அவன் பார்த்த முகத்தில் மகள் இருந்த இடம் இல்லை, அந்த மனுஷி மேலிருந்த ஆத்திரம் மட்டும்தான் இருந்தது.

"உங்களுக்கே சொல்லேல்லையா மாமி?" என்று கேட்டான். பிறகு கதிரையைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து போனான். மறுபடி வரவில்லை. மீனை வீணாக்கவில்லை, புளி விட்டுக் காய்ச்சினேன். நல்ல மீன்.

நடந்ததைச் சிலாபத்து மிஸ்ஸுக்குச் சொன்னேன். நல்லது என்று ஒரு சொல் சொன்னாள், அவ்வளவுதான். எவ்வளவோ காலம் கழித்து, அவன் வேறு ஒருவனை வெட்டிய வழக்கில் உள்ளே போன பிறகு, ஒருநாள் என்னைக் கந்தோர் வான் வண்டியில் ஏற்றினாள். என் போனை வாங்கி நிறுத்தி வைத்தாள். எங்கே போகிறோம் என்று வழி முழுக்கச் சொல்லவில்லை. இறங்கிய இடத்தில் மகள் கிணற்றடியில் துணி அலம்பிக்கொண்டிருந்தாள். சின்னவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை, யார் இது என்று தாயைக் கேட்டான். அதற்காக மிஸ்ஸை நான் மன்னிக்கவே இல்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் நல்லாயிருக்கும் என்று பேத்தி சொல்கிறாள். எழுதவேண்டாம்.

இப்போது அந்த இடம் எனக்குத் தெரியும், வேண்டிய நேரம் போய் வருகிறேன். மருமகன் சிறையிலிருந்து வெளியே வந்துவிட்டான் என்று கேள்வி. அவனுடைய ஆட்கள் சந்தையில் கண்டால், மகள் இப்ப எங்க இருக்கிறா என்று சும்மா கேட்கிற மாதிரிக் கேட்பார்கள். நான் கடகத்தை இறக்கி வைத்துவிட்டுச் சிலாபத்து மிஸ்ஸைத் திட்டத் தொடங்குவேன். அதில் நான் ஒன்றும் நடிக்க வேண்டியதில்லை. திட்டத் திட்ட எனக்கு உடம்பே லேசாகும். கேட்டவர்கள் கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, பாவம் இந்த மனுசிக்கு இன்னும் சொல்லவில்லை என்று தங்களுக்குள் கதைத்துக்கொண்டு போய்விடுவார்கள்.