விலை கேட்கக் கூசாத ரெஜினா அக்கா

“ஆன்ட்டி, அத்தை எழுந்திருக்கல” என்று ஷீலா போனில் சொன்னபோது இட்லித் தட்டுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். போட்டது போட்டபடி ஓடினேன். ரெஜினா அக்கா வீடு எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளித்தான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர் அப்படியே போய்விட்டிருந்தார். மருமகள் ஷீலா அவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டேனே, கேஸ் வீணாகிறதே, அக்காவுக்குத் தெரிந்தால் திட்டுவாரே என்றுதான் தோன்றியது.

கோலார் தங்கச் சுரங்கத்துச் சாம்பியன் ரீப்ஸில், சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டிய வரிசை வீடுகளான எங்கள் லைனில் அவரைத் தெரியாதவர் இல்லை. தெரிந்தவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். நான் ஐந்தாவது வரை படித்தவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவருடைய அடக்கத்தன்று உங்கள் எல்லோர் முன்னாலும் நான் ஒரு பொய் சொன்னேன். அதைப் பொறுக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாயில்லை.

நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சுரங்கம் ஓடிய காலத்தில் கரண்டும் கம்பெனியுடையது, ஆஸ்பத்திரியும் கம்பெனியுடையது. சம்பளத்தில் ஏதோ பிடிப்பார்கள், எவ்வளவு என்று கேட்டவர் இல்லை. வாசல் பல்பு பகலெல்லாம் எரியும். சுரங்கம் மூடி எத்தனையோ காலம் ஆகியும் விலை கேட்பது நமக்கு இன்னும் கௌரவக் குறைச்சல்தான். மருந்துக் கடைக்காரர் எதை நீட்டினாலும் வாய் பேசாமல் வாங்கி வருவதுதான் லைன்காரர்களுக்கு அழகு. அந்த அழகோடு ஆயுசு முழுக்கச் சண்டை போட்டவர் ரெஜினா அக்கா. காலையில் பால் வாங்கப் போகும்போதே வாசல் வாசலாக நின்று ஸ்விட்சை அணைத்துக்கொண்டு போவார்.

“இன்னாக்கா, எங்க வூட்டு லைட்டு உங்க கண்ணையா குத்துது?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“சூரியன் லீவு போட்டா நீ பல்பு போடு மே. அவன் பாட்டுக்குக் கரெக்டா ஷிப்டுக்கு வந்துடறான், அவனுக்கு எதுக்கு நீ டார்ச் அடிக்கற?” என்றார்.

ஒரு கோடையில் பக்கத்து ஆண்டர்சன்பேட்டைக் கடைவீதியிலிருந்து சுண்ணாம்பு வாங்கி வந்து மகனை ஏற்றித் தகரக் கூரைக்கு வெள்ளை அடித்தார். “கூரைக்குப் பவுடர் போடறாங்கடோய்” என்று லைனே சிரித்தது. ஆனால் மத்தியான வெயிலில் சூடு தெரியாமல் நம் பிள்ளைகள் எல்லாம் படுத்துத் தூங்கியது அந்த வீட்டில்தான். சோறு ஒரு கொதி வந்ததும் பானையை இறக்கிக் கூடையில் வைத்துப் பழைய கம்பளியால் மூடிவிடுவார். “காச்சல் வந்த புள்ள மாதிரி போத்தி வுடு, தானா வேவும்” என்பார். நான் அவரைக் கஞ்ச மகராசி என்று ஊரெல்லாம் சொன்னேன். சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு என் பானைக்கும் கம்பளி போர்த்தினேன்.

ஆண்டர்சன்பேட்டையில் நடந்த வார்டு கூட்டத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பெரிய பெரிய ஆட்கள் பேசி முடித்ததும் எழுந்து நின்றார். “ஏழைங்களுக்கு ஃபேன் குடுக்கறதுக்கு முன்னாடி கூரைக்கு வெள்ளை அடிச்சிக் குடுங்க சார். சுகர், பிரஷர்காரங்க தனித்தனியா கோலாருக்கு அலையறோம். பஸ்ஸுக்குக் குடுக்கற காசே மருந்துக் காசாவுது. மாசத்துல ஒரு நாள் மாத்திரைய இங்க கொண்டாந்து குடுங்க.” பின்னால் யாரோ, “பாட்டிய மந்திரி ஆக்குங்கப்பா” என்றார்கள். ஒரே சிரிப்பு. நான் அவர் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

“உக்காருக்கா, மானம் போவுது.”

“யாரு மானம்மே? ஒன்னுதா, என்னுதா?” என்றார். உட்காரவில்லை.

அதிகாரி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். மாத்திரை வரும்போது வரட்டும் என்று அக்கா தாமே ஒரு வழி செய்தார். லைனில் உள்ள நோயாளிகளை எல்லாம் சேர்த்து, மாதம் ஒரு நாள் ஒரே வண்டியில் கோலார் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவார். அங்கே மாத்திரை இலவசம். எனக்கும் சுகர் உண்டு. ஆனாலும் நான் அந்த வண்டியில் ஏறவில்லை. “என் பேத்தி பெங்களூர்ல நர்சிங் படிக்கறா. ஒசந்த மாத்திரையா அவளே அனுப்பறா” என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பேத்தி படிப்பது உண்மை. அனுப்புவது பொய். என் மகன் சம்பாதிப்பதெல்லாம் அவள் படிப்புக்கே போகிறது. எனக்கு எதுவும் வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். கடையில் வாங்கும் மாத்திரையை பிளேடால் வெட்டி இன்றைக்குப் பாதி, நாளைக்குப் பாதி என்று விழுங்கிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கறிவேப்பிலை கேட்டு வந்த அக்கா ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தார். பிளேடும் பாதி மாத்திரைகளும் அங்கேதான் கிடந்தன. கறிவேப்பிலை விற்கிற விலையைத் திட்டிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் என் வாசலில் நின்று லைனுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். “ஏ சரோஜா, எனக்கு முட்டி வலி. வண்டில வர்ற கூட்டத்த மேய்க்க ஒரு ஆளு வேணும். அதிகாரம் பண்றதுல ஒன்ன வுட்டா யாரு இருக்கறா? வந்து முன் சீட்டுல குந்து.”

போனேன். டிரைவர் பக்கத்தில் மகாராணி மாதிரி உட்கார்ந்துகொண்டு போனேன். ஆஸ்பத்திரியில், “வந்தது வந்துட்ட, சும்மா தானே நிக்கற” என்று எனக்கும் ஒரு ஓ.பி. சீட்டு போட வைத்தார். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியே மாதா மாதம் வாங்கிக்கொண்டேன். முட்டி வலிக்காரிக்கு நான் உதவுகிறேன் என்றுதான் உண்மையாகவே நினைத்திருந்தேன்.

அடக்கத்தன்று பந்தலில் நீங்கள் எல்லோரும் இருந்தீர்கள். பெட்டியை இன்னும் மூடவில்லை. ஷீலா அழுதுகொண்டே என் பக்கத்தில் வந்தாள். “ஆன்ட்டி, இப்ப முழு மாத்திரை போடறீங்க இல்ல? அத்தை போன வாரங்கூடக் கேட்டாங்க. ‘அவ ரோஷக்காரி, நேரா கேட்டுடாத, வண்டில முன் சீட்டு மட்டும் காலியா வை’ன்னாங்க. இனிமே சுத்தி வளைச்சிக் கேக்கறதுக்கு யாரு இருக்கறாங்க? அதான் நேரா கேக்கறேன்.”

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

“எனக்கு இன்னாடி கொறச்சல்? என் பேத்தி அனுப்பினதே பொட்டி பொட்டியா கெடக்குது” என்றேன்.

ஷீலா தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா அங்கேயே படுத்திருந்தார். ஊர் அவரைக் கஞ்சம் என்றது, வாயாடி என்றது. அதையெல்லாம் சிரித்து வாங்கிக்கொண்டவர், என் மானத்தை மட்டும் கீழே சிந்தாமல் சுமந்திருக்கிறார். அந்த முகத்துக்கு முன்னால், “ஆமாம்மா, முழுசா போடறேன். உன் மாமியார் வாங்கிக் கொடுத்ததுதான்” என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அன்றிலிருந்து ஷீலா வீட்டுப் பக்கம் போகக் கால் கூசுகிறது. இதை முதலில் அவளிடம்தான் படித்துக் காட்டப் போகிறேன்.

போன வாரம் ஆண்டர்சன்பேட்டை மருந்துக் கடையில் வலி மருந்து வாங்க நின்றேன். “மருந்துக்குப் பேரு ஒண்ணு, அட்டைக்குப் பேரு நூறு. அட்டைக்கா காசு குடுக்கறது?” என்பார் அக்கா. “இதே மருந்து வேற பேர்ல கம்மி வெலையில இருக்குதா தம்பி?” என்று கேட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை. “இன்னா பாட்டி?” என்றான். பின்னால் நம் லைன் பெண்கள் நிற்பது தெரிந்தது. காது மடல் எரிந்தது. இன்னொரு தடவை, உரக்கக் கேட்டேன். அவன் வேறு அட்டை ஒன்றை எடுத்து வைத்தான். முதுகுக்குப் பின்னாலிருந்து மெல்ல ஒரு குரல் வந்தது. “எனக்கும் கேட்டுச் சொல்லுங்கக்கா.”

எனக்கென்று சொல்லியே அவளுக்கும் சேர்த்து வாங்கினேன். வாய்விட்டுக் கேட்கிற அந்தக் குரலை ரெஜினா அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்கிறேன். பின்னால் நின்றவள் யார் என்று மட்டும் எழுத மாட்டேன். அதுவும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டதுதான்.