இணைப்பில் ஒருவர்

பட்டப்பகலில் பேயா என்று சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். ஆனால் இது நடந்தது. என் கடைக்கு அடுத்த கடையில் கணினி பழுதுபார்ப்பவருக்கு, ஒரு புதன்கிழமை மதியம். மனிதருக்குப் பொய் சொல்ல வராது. இதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார்.

அவருடைய அக்கா நர்ஸ். இரவுப் பணி, பகல் தூக்கம். அத்தான் இறந்து ஐந்து வாரம் கழித்துத்தான் அந்த அசிங்கம் தெரிய வந்தது. அக்கா வாய் பிளந்து தூங்குவதை விதவிதமாகப் படமெடுத்து, கீழே நக்கலும் எழுதி, ஒரு இணையதளமே நடத்தியிருக்கிறார் அத்தான். மருத்துவமனையில் யாரோ அதைப் பார்த்துச் சிரிக்க, அக்காவுக்கு வேலைக்குப் போகவே கூசியது.

சாதாரணத் தளமென்றால் ஒரு புகாரில் மூடிவிடலாம். இதற்கு நடுவில் சர்வர் என்று ஒன்றே கிடையாது. தளத்தை வைத்திருப்பவர்களின் கணினிகளே ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும். அத்தனை பேரும் அழித்தால்தான் அது சாகும். அத்தானின் கணினியை இவர் ஏற்கெனவே உடைத்துப் போட்டாயிற்று. மிச்சம், அத்தானின் கூட்டாளிகள் இரண்டு பேர்.

அன்று அக்கா கட்டிலில் தூங்க, அதே அறையில் மடிக்கணினியோடு உட்கார்ந்தார். கூட்டாளிகளுக்குப் போன் போட்டார்.

"அழிக்கிறியா, இல்ல உன் பொண்டாட்டிகிட்ட காட்டவா?"

2.40க்கு ஒருவன் அழித்தான். 2.55க்கு மற்றவன்.

இனி இவரைத் தவிர யாரும் இருக்கக் கூடாது. ஆனால் திரையில், இவரைக் கணக்கில் சேர்க்காமலே... 'இணைப்பில்: 1.'

அறையில் ஒரு வாடை. பல் தேய்க்காத வாயின் வாடை.

3.07. தளத்தில் புதுப் படம் ஒன்று ஏறியது. அக்காவின் வாய், மிக அருகில். கடைவாயில் எச்சில். போர்த்தியிருந்தது இப்போது போர்த்தியிருக்கும் அதே பச்சைப் போர்வை.

3.09. இன்னொன்று. அதன் ஓரத்தில் இவர் உட்கார்ந்திருந்தார்.

சுவர்ப்பக்கம் இருந்து எடுத்த படம். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே விரல்கூட நுழையாது.

ப்ச்... ப்ச்...

உதட்டை நக்கும் சத்தம். அத்தானின் பழக்கம்.

படத்தின் கீழே எழுத்து வந்தது. 'மச்சான், நல்லாருக்கா?'

இவர் மடிக்கணினியைப் படாரென மூடினார். அக்காவை உலுக்கி எழுப்பினார்.

"என்னடா... கன்னமெல்லாம் ஈரம்?"

"உன் எச்சில்தான்க்கா."

ஆனால் ஈரம், தலையணை படாத கன்னத்தில் இருந்தது.

அன்றே வீட்டைக் காலி செய்தார்கள். பிறகு விவரம் தெரிந்த ஒருவரிடம் கேட்டபோது, அவர் அடித்துச் சொன்னார்: சொந்தக்காரரின் ரகசியச் சாவிக் கோப்பு இல்லாமல் அந்தத் தளத்தில் புதிதாக ஒரு எழுத்துகூடச் சேர்க்க முடியாது.

இவர் அக்காவிடம் கேட்டார். "அந்தச் சாவிய அத்தான் எங்க வச்சிருந்தாரு?"

"கழுத்துச் சங்கிலியில ஒரு பென்டிரைவ் மாட்டியிருப்பாரே, ரகசியமான கோப்பெல்லாம் அதுலதான். வேற எங்கயும் வைக்க மாட்டாரு."

"அது எங்கக்கா?"

"பொணத்தத் தொட்டுக் கழட்ட அருவருப்பா இருந்துச்சுடா. அதோடயே அவரப் புதைச்சுட்டோம்."