குண்டு மெஷினும் என் கையும்

வார்னிஷ் பூசிய செம்புக்கம்பி சூடேறினால் ஒரு வாசனை வரும். கருகிய வெல்லமும் புதுச் செருப்பும் கலந்தது போல இருக்கும், அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த வாசனை ஆரணியில் எங்கள் வீட்டுக்கு வந்தது எனக்குப் பத்து வயது நடக்கும்போது, பட்டுச் சேலைகளைச் சென்னையில் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய ஒரு டெம்போவில். எங்கள் சித்தப்பா சென்னையில், காசு போட்டு மெஷினில் விளையாடும் ஒரு கடையில் வேலை செய்துகொண்டிருந்தார். அந்தக் கடையை மூடியபோது, ஓடாத மெஷின் ஒன்றை வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போ என்று முதலாளி சொல்ல, அதை அவர் என் அண்ணன் ரவிக்காக அனுப்பிவிட்டார்.

நாலு காலில் சரிவாக நிற்கும் மேஜை, அதன் மேல் கண்ணாடி, தலைமாட்டில் நிமிர்ந்த ஒரு பெட்டி, அந்தப் பெட்டியில் விண்வெளி உடை போட்டுக்கொண்டு சிரிக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண். ஸ்பிரிங்கை இழுத்து விட்டால் இரும்புக் குண்டு மேலே ஓடி, விளக்குகளிலும் ரப்பர்களிலும் முட்டி மோதிக் கீழே உருண்டு வரும். அது பள்ளத்தில் விழுவதற்குள் இரண்டு பக்கமும் இருக்கும் பொத்தானை அமுக்கினால், குட்டித் துடுப்பு இரண்டு அதைத் திரும்ப மேலே அடித்துவிடும். பின்பால் என்று சித்தப்பா பெயர் சொல்லியிருந்தார். எங்கள் தெருவில் அது "குண்டு மெஷின்" ஆகிவிட்டது.

"தறிக்கே எடம் பத்தல, இந்தக் கட்டைய எங்கடா போடுவ?" என்றாள் அம்மா.

"உன் தலமாட்டுல போட்டுர்றேன், பொம்மைய பாத்துகினு தூங்கு" என்றான் ரவி அண்ணன். அவனுக்கு அப்போது பதினேழு வயது. யாரிடமும் கற்றுக்கொள்ளாமலே தெருவில் இருந்த ரேடியோவையெல்லாம் பிரித்து மாட்டியவன்.

நான் அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, தறியில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம் என்று வரும் கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். அண்ணன் உடலுக்கான நூலைக் கொண்டு ஓடும் நாடாவை விடுவான், அது ஓடி வந்து என் பக்கத்து மரத்தில் "டக்" என்று முட்டும், உடனே நான் கரை நாடாவை விட வேண்டும். கண்ணால் பார்த்த பிறகு விட்டால் நேரமாகிவிடும். "காதுல கேட்டா கை போவணும், நடுவுல யோசிக்கக் கூடாது" என்பார் நைனா. ஆறு மாதத்தில் என் கை அப்படித்தான் ஆகிவிட்டது. அம்மா அம்மிக்கல்லை "டக்" என்று வைத்தாலும் என் கை லேசாகத் துள்ளும், அண்ணன் அதைப் பார்த்துச் சிரிப்பான்.

அமாவாசைக்கு எங்கள் ஊரில் தறி ஓடாது. அந்த ஒரு நாள்தான் மெஷினுக்கு. முதல் அமாவாசையில் ஓர் எலிக்கூட்டையும், ஒரு கைப்பிடி வெள்ளைக்கார நாணயத்தையும் உள்ளேயிருந்து எடுத்தான். இற்றுப்போன ரப்பர் வளையங்களுக்குப் பதில் சைக்கிள் ட்யூபை வளையமாக நறுக்கி மாட்டினான். இடது துடுப்பு அடிக்கவில்லை என்றதும், டார்ச் பல்பு ஒன்றையும் இரண்டு செல்லையும் ஒயரில் கட்டிக்கொண்டு, எங்கே எரிகிறது எங்கே எரியவில்லை என்று ஒவ்வோர் இடமாகத் தொட்டுப் போய், கடைசியில் பொத்தானுக்குப் பின்னால் இரண்டு தகடு கறுத்துக் கிடந்ததைக் கண்டுபிடித்து, தீப்பெட்டியின் மருந்துப் பட்டையால் தேய்த்தான். துடுப்பு எழுந்து "சடக்" என்று அடித்தபோது தெருப் பிள்ளைகள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டார்.

ஆனால் இரண்டு நிமிஷம் ஓடினால் ஃபியூஸ் போய்விடும். கண்ணாடிக் குழாய் போன்ற அந்த ஃபியூஸ் ஆரணியில் எந்தக் கடையிலும் இல்லை. அண்ணன் என்ன செய்தான் என்றால், ஜரிகை வெள்ளி பூசியதுதானே, கரண்ட் போகும்தானே என்று, எரிந்துபோன ஃபியூஸின் மேல் ஜரிகையைச் சுற்றிவிட்டான். ஓர் இழை சுற்றினால் பட்டென்று எரிந்து போனது. மூன்று இழை சுற்றினால் எரியவில்லை, அந்த வாசனை வந்தது.

"சாமிக்கே சாத்தாத ஜரிகைய இந்த சனியனுக்கு சுத்துறான்" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அமாவாசையும் அதுவுமா அத்த நோண்டாதடா. பேஜார் புடிச்ச வேல."

அந்த மாதம்தான் சேவூரில் ஒரு பவர்லூம் கொட்டகையில் ஒருவரைக் கரண்ட் இழுத்துக்கொண்டது. சாவுக்குப் போய்வந்த அம்மா, "கம்பிய புடிச்ச கை புடிச்ச மாதிரியே இருந்துச்சாம்" என்று வாசலில் நின்றே சொன்னாள். அதிலிருந்து அண்ணன் மெஷினுக்குள் கையை விடும்போதெல்லாம் எனக்குப் பயமாக இருக்கும். ஏனென்றால் சுவரில் இருந்த சுவிட்ச் என் பொறுப்பு. ப்ளக்கைப் பிடுங்கினால் சுவரே பெயர்ந்து வரும் போலிருந்ததால், அதை அப்படியே விட்டு, சுவிட்சை மட்டும் போடவும் நிறுத்தவும் என்னை நிற்க வைத்திருந்தான். அவன் சொன்னால் போட வேண்டும், சொன்னால் நிறுத்த வேண்டும். "போடட்டா?" என்று நான் இரண்டு தடவை கேட்பேன், அவன் இரண்டு தடவை "போடு" என்று சொன்ன பிறகுதான் போடுவேன்.

மூன்றாவது அமாவாசை. நைனா சேலை கொடுக்க முதலாளி வீட்டுக்குப் போயிருந்தார், அம்மா பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். சுவிட்சை நிறுத்திவிட்டு, அதன் மேலேயே விரலை வைத்தபடி நான் நின்றேன். அண்ணன் மேஜைப் பலகையைத் தூக்கி, ஒரு தறிக்கட்டையை முட்டுக் கொடுத்து நிறுத்திவிட்டு, அடியில் தலையை விட்டு, இரண்டு கையாலும் ஃபியூஸ் இருக்கும் இடத்தில் ஜரிகையைச் சுற்றிக்கொண்டிருந்தான். பலகையைத் தூக்கும் முன் குண்டை வெளியே எடுத்துவிட வேண்டும். அன்று மறந்துவிட்டான். எங்கேயோ சிக்கியிருந்த குண்டு, மெதுவாக உருண்டு, அடிப்பலகையில் விழுந்தது.

"டக்."

என் கை சுவிட்சைப் போட்டது. நான் போடவில்லை, என் கைதான் போட்டது என்று எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். கை என்னுடையதுதான்.

மெஷின் முழுக்க விளக்கு எரிந்தது. விண்வெளிப் பெண்ணின் முகம் சிவப்பும் மஞ்சளுமாக அவ்வளவு அழகாக இருந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை: அந்தக் கணத்தில் நான் சந்தோஷப்பட்டேன். ஓடிவிட்டது என்று நினைத்தேன். அதன் பிறகுதான் அண்ணனின் தோள் இரண்டும் காது வரை ஏறியிருப்பதையும், அவன் வாயிலிருந்து மாடு முனகுவது போல ஒரு சத்தம் வருவதையும் பார்த்தேன். சுவிட்சை நிறுத்தினேன். எவ்வளவு நேரம் கழித்து நிறுத்தினேன் என்று எனக்குத் தெரியாது. தறியில் நாலு தடவை நாடா விடும் நேரம் இருக்கலாம்.

அவன் மல்லாந்து விழுந்தான். அம்மா ஈரக் கையோடு ஓடி வந்து, "டேய் ரவி! கண்ண தொறடா! டேய்!" என்று அவன் மார்பைக் குத்தினாள். பக்கத்து வீட்டு அக்கா உள்ளங்காலைத் தேய்த்தார். நான் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றேன், என் காலோடு மூத்திரம் இறங்கியது. அவன் கண்ணைத் திறந்து, சுற்றி நின்ற முகங்களைப் பார்த்து, "இன்னா, எல்லாம் கூடி நிக்கிறீங்க, எவனா சாமி தூக்கிகினு வர்றானா?" என்றான். எல்லோரும் அழுதுகொண்டே சிரித்தார்கள். வலது கையில் இரண்டு விரல் வெந்து வெளுத்திருந்தன.

நைனா வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "எவ சுவிட்ச் போட்டது?"

"நான்தான் நைனா போட சொன்னேன்" என்றான் அண்ணன். "சுத்தி முடிச்சிட்டேன்னு நெனச்சிகினு சொல்லிட்டேன். அது இன்னா பண்ணும், பாவம்."

நைனா அவனை ஓங்கி ஓர் அறை விட்டார். அந்த அறை எனக்குச் சேர வேண்டியது. அம்மாவுக்கு யாராவது இதைப் படித்துக் காட்டினால், இப்போதாவது தெரிந்துகொள்ளட்டும்.

அவன் விரல் ஆறும் வரை நைனாவே தறியில் உட்கார்ந்தார். நாடா வந்து "டக்" என்று முட்டும், என் கை போகாது. "இன்னாடி ஆச்சி உனக்கு? ஜல்தி உடு" என்று நைனா கத்துவார், என் கை மடியிலேயே கிடக்கும். அம்மா உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். பயந்திருக்கிறாள் என்று எல்லோருக்கும் தெரிந்தது, எதைப் பார்த்து என்று அண்ணனுக்கு மட்டும்தான் தெரிந்தது. கரண்டைப் பார்த்து இல்லை. என் கையைப் பார்த்து.

அடுத்த அமாவாசைக்குள் ஆள் வைத்துச் சுவரில் இருந்த ப்ளக் பெட்டியை அண்ணன் சரி செய்திருந்தான். கையில் கட்டோடு என்னைக் கூப்பிட்டான்.

"நான் வரல."

"நீ எதுர்ல இல்லன்னா எனக்கு ஒண்ணும் ஓடாது செல்வி. வா."

ப்ளக்கைப் பிடுங்கி என் மடியில் வைத்தான். "இது உன் மடில கீற வரைக்கும் எவனாலும் என்ன ஒண்ணும் பண்ண முடியாது. இத்த புடிச்சிகினு குந்து." குண்டையும் எடுத்து என் கையில் கொடுத்தான். அவன் அந்தப் பக்கம் தேட, நான் இந்தப் பக்கம் ப்ளக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பலகையின் கீலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு மஞ்சள் ஒயர் கீலில் நசுங்கி, தோல் உரிந்து, செம்பு தெரிய இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. மூன்று மாதமாக ஃபியூஸைத் தின்றது அதுதான். கட்டுப் போட்ட கையால் அவனுக்கு டேப் சுற்ற வரவில்லை, நான்தான் சுற்றினேன். ஜரிகையைத் தூக்கிப் போட்டுவிட்டு, விஷயம் கேள்விப்பட்டுச் சித்தப்பா கொடுத்தனுப்பிய நல்ல ஃபியூஸை மாட்டினான்.

பிறகு ப்ளக்கைச் சொருக வேண்டும். நான் மாட்டேன் என்று அழுதேன். அவன் மெஷினை விட்டு நாலடி தள்ளிப் போய், போலீஸில் மாட்டிய திருடன் போல இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றான். "பாரு. ரெண்டு கையும் இங்க கீது. எண்ணிக்கோ." அவன் தோள் வலிக்கும் வரை, அப்படியே நின்றான். நான் கண்ணை மூடிக்கொண்டு சொருகி, சுவிட்சைப் போட்டேன்.

"கண்ண தொற செல்வி" என்றான். "உயிரோடதான் கீறேன்."

அதன் பிறகு மெஷின் ஐந்தாறு வருஷம் ஓடியது. என் கையும் தறிக்குத் திரும்பியது. ஆனால் பயம் மட்டும் போகவில்லை. அண்ணன் செய்யாறு கம்பெனிக்கு வேலைக்குப் போன பிறகும், ஷிப்ட் முடிந்து அவன் வண்டி தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்கும் வரை நான் வாசலை விட்டு உள்ளே போகமாட்டேன். யார் கல்யாணத்திலோ என்னைப் பார்த்துச் சிரித்தான் என்பதற்காக அவனைத் திட்டியிருக்கிறேன், லேட்டாக வந்ததற்காக ஒரு நாளும் திட்டியதில்லை, வந்துவிட்டானே என்றுதான் இருக்கும்.

மூன்று மாதம் முன்பு, பட்டப்பகலில், சேவூர் தாண்டி ஒரு லாரி திரும்பும்போது மோதி அவன் போய்விட்டான். நான் அப்போது கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அன்று மட்டும் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை.

மெஷினை வீடு இடித்துக் கட்டும்போதே பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. சித்தப்பா வேலை பார்த்த கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்களாம். இதெல்லாம் போனதில் எனக்கு வருத்தம் இல்லை. சாயங்காலம் நாலு மணிக்குக் கம்பெனி பஸ்ஸும் வண்டிகளும் தெருவைத் தாண்டிப் போகின்றன. நான் வாசலில் உட்கார்ந்திருக்கிறேன், எந்தச் சத்தத்துக்கும் தலையைத் திருப்புவதில்லை. போன வாரம் காற்றில் கரண்ட் கம்பி அறுந்து எங்கள் வாசலுக்கு முன்னால் விழுந்தது. தெருவே கத்திக்கொண்டு ஓடியது, நான் நின்ற இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். அம்மா என் தோளைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"உனுக்கு பயமே இல்லயாடி?"

"இல்லம்மா" என்றேன்.